யாருக்குப் பதில் சொல்கிறது ‘ரா’?

1984-ல் நம் அரசியல் சாசனத்துக்கு 50-வது திருத்தம் வந்தது. ராணுவத்தினர், போலீஸார் போன்றோரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் 33-வது பிரிவில் உளவு அமைப்புகளின் ஊழியர்களையும் அது சேர்த்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்துவிட்டது. உளவு அமைப்பில் இருப்பவர் சங்கம் சேரக் கூடாது, பத்திரிகைகளுக்குப் பேசக் கூடாது, மீறினால் சிறை. 1980-ல் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் ஊழியர்கள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் வரை போனதுதான் இதற்கெல்லாம் பின்னணி. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கு அடுத்ததாக, ‘கேபினெட் செயலகத்தின் ஆய்வு மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு’ என்று ‘ரா’வின் முழுப்பெயர் வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை முக்கியமாகச் சொல்லும் சட்டம் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர வேறு எதைப் பற்றியும் இந்த அமைப்பிடம் தகவல் கேட்க முடியாது என்று விலக்கு அளிப்பதற்காக அதன் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தார்கள். ஊழியர் என்ன செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. குடிமகன் என்ன கேட்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. அந்த அமைப்பு எதைச் செய்யலாம், யார் அனுமதியோடு செய்யலாம், செய்ததற்கு யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லும் சட்டம் மட்டும் 1968-லிருந்து இன்றுவரை கிடையாது.

இந்த வெற்றிடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடிமக்கள் பக்கம் நின்று பேசுகிறார்கள். ஒட்டுக்கேட்பு, தனியுரிமை, அத்துமீறல் என்ற அந்தக் கவலைகள் நியாயமானவை. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். ஆனால், ‘ரா’வின் கதையைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால், சட்டம் இல்லாததால் முதலில் அடிபட்டது அந்த அமைப்புதான் என்று தெரிகிறது. சட்டமின்மையை ஒரு கவசம்போலப் பாதுகாத்துவருகிறது டெல்லி. நடைமுறையில் அது தந்திருப்பதோ பிரதமர் மாறினால் ஆட்டம் காணும் ஒரு அமைப்பை. தன் வெற்றியை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாமல், தன் தோல்வியிலிருந்து பாடம் படிக்கவும் வழியில்லாமல் நிற்கும் ஒரு அமைப்பை.

‘ரா’ பிறந்ததே இரண்டு தோல்விகளிலிருந்து. 1887-ல் வெள்ளையர் ஆட்சியில் வேர்விட்ட ஐ.பி.தான் சுதந்திர இந்தியாவிலும் உள்நாடு, வெளிநாடு இரண்டுக்குமான உளவு அமைப்பாக இருந்தது. உள்ளூர்க் கட்சிக்காரர்களைப் பின்தொடர்வதில் தேர்ந்த கைகள் அவை; திபெத்தில் சீன ராணுவம் என்ன நினைக்கிறது என்று கணிக்க அந்தப் பழக்கம் போதவில்லை. 1962-ல் சீனாவிடம் பட்ட அடிக்குப் பிறகும் ஏற்பாடு மாறவில்லை. 1965 போரில் எதிரியின் படைகளைப் பற்றித் துல்லியமான தகவல் கிடைக்கவில்லை என்று தரைப்படைத் தளபதி ஜெ.என். சௌத்ரி வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அதன் பின்னர்தான், 1968 செப்டம்பர் 21 அன்று, ஐ.பி.யின் வெளிநாட்டுப் பிரிவைத் தனியே பிரித்து ராமேஷ்வர் நாத் காவ் கையில் கொடுத்தார் இந்திரா காந்தி. காவ் சாமானியப்பட்டவர் அல்ல. 1955-ல் பாண்டுங் மாநாட்டுக்குச் சீனக் குழுவினரை ஏற்றிச் சென்ற ஏர் இந்தியாவின் ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமானம் குண்டுவெடித்துக் கடலில் விழுந்தபோது, அந்த விசாரணையில் இந்தியாவின் சார்பில் ஈடுபட்டவர். அந்த விமானத்தில் வந்திருக்க வேண்டிய சீனப் பிரதமர் சௌ என் லாயின் பாராட்டையும் பெற்றவர். சுமார் 250 பேர், 2 கோடி ரூபாய் என்ற அளவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த அமைப்பைத் தனித் துறையாக்கவில்லை. சட்டம் போட்டு நிறுவவும் இல்லை. கேபினெட் செயலகத்துக்குள் ஒரு பிரிவு. அதன் தலைவருக்கு ஒரு செயலாளர் பதவி. பிரதமருக்கு நேரடியாக அறிக்கை. அன்றைய அவசரத்துக்கு அது சரியான ஏற்பாடுதான். தற்காலிக ஏற்பாடே நிரந்தரமாகிவிட்டதுதான் சிக்கல்.

உடனே வரும் ஆட்சேபம் 1971. எந்தச் சட்டமும் இல்லாமல், எந்த நாடாளுமன்றக் குழுவும் எட்டிப்பார்க்காமல்தானே வங்கதேச விடுதலைப் போரில் ‘ரா’ அவ்வளவு சாதித்தது? மூன்றே வயதான அமைப்பு முக்தி வாஹினிக்குத் துணை நின்றது. மேஜர் ஜெனரல் சுஜன் சிங் உபான் தலைமையில் முஜிப் வாஹினிக்குப் பயிற்சி தரப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் பறந்த ‘கங்கா’ என்ற ஃபோக்கர் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பிறகு அங்கேயே எரிக்கப்பட்டது. பதிலடியாகத் தன் வான்வெளியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியா மூடியது. கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் போக வேண்டிய விமானங்கள் கொழும்பில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, தீபகற்பத்தையே சுற்றிப் போக வேண்டிவந்தது. இந்தக் கடத்தலே ‘ரா’ போட்ட நாடகம் என்பது பாகிஸ்தானின் வாதம். இந்தியா அதை ஏற்றதில்லை. எப்படியானாலும் 1971-ன் வெற்றியை ரகசியத்தின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. அரசின் நோக்கம் என்ன என்பதில் அன்று குழப்பம் இல்லை. பிரதமர், அவருடைய செயலர் பி.என். ஹக்சர், வெளியுறவுத் துறை, ராணுவத் தளபதி மானெக்‌ஷா, காவ் என எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திசையில் யோசித்தார்கள். கேள்வி கேட்கும் வேலையை அந்த மேசையே பார்த்துக்கொண்டது. அது சில மனிதர்களின் தரத்தாலும் பரஸ்பர நம்பிக்கையாலும் கூடி வந்த ஏற்பாடு. அந்த மனிதர்கள் போனதும் ஏற்பாடும் போய்விட்டது.

ஆறே ஆண்டுகளில் அது நிரூபணமானது. 1977 தேர்தலில் இந்திரா தோற்றார். மொரார்ஜி தேசாய் பிரதமரானார். ‘ரா’ என்பது இந்திராவின் சொந்த உளவுப்படை, நெருக்கடி நிலையில் எதிர்க்கட்சிகளை வேவு பார்த்த கூட்டம் என்ற சந்தேகம் ஜனதா தலைவர்களிடம் ஊறிப்போயிருந்தது. காவ் வெளியேறினார். அடுத்துவந்த சங்கரன் நாயர் சில மாதங்களிலேயே பதவியை விட்டார். நிதி வெட்டப்பட்டது, வெளிநாட்டுச் செயல்பாடுகள் சுருக்கப்பட்டன. ஓர் உளவு அமைப்பு பல்லாண்டுகள் பாடுபட்டு வளர்க்கும் தொடர்புகள் ஒரு கோப்புக் குறிப்பில் அறுந்துபோகும். மறுபடி ஆட்சி மாறினால் திரும்பி வருமா என்ன? மொரார்ஜி மீது எல்லாப் பழியையும் போடுவது ‘ரா’ முன்னாள் அதிகாரிகளின் வழக்கம். ஆனால், தன் வேலை என்ன, எல்லை எது என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்ட ‘ரா’விடம் ஏதாவது இருந்திருந்தால், அந்தச் சந்தேகத்தை எதிர்கொள்ள ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். ஒரு பிரதமரின் நம்பிக்கையை மட்டும் மூலதனமாகக் கொண்ட நிறுவனம் அடுத்த பிரதமரின் அவநம்பிக்கைக்கு இரையாவதில் வியப்பில்லை.

சட்டமின்மையின் விலையை யாரையும்விட அதிகமாகக் கொடுத்தவர்கள் தமிழர்கள். பாக் நீரிணையின் இரு கரைகளிலும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு இந்தியா ஆயுதப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேச மலைப்பகுதியிலும் தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈராஸ், விடுதலைப் புலிகள் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இயக்கங்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி. 1984 மார்ச்சில் ‘இந்தியா டுடே’ இதழ் தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றி விரிவாக எழுதியபோதும் மத்திய அரசு மறுத்தது. முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரிந்த விஷயம் நாட்டின் நாடாளுமன்றத்துக்குத் தெரியக் கூடாததாக இருந்தது. இதே காலத்தில்தான் இந்திரா காந்தியின் தூதராக ஜி. பார்த்தசாரதி கொழும்புக்கும் டெல்லிக்கும் நடந்து, ‘பின்னிணைப்பு சி’ என்று பெயர்பெற்ற அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவுடன் பேசி உருவாக்கிக்கொண்டிருந்தார். தனி ஈழம் அமைவதை இந்தியா ஒருபோதும் விரும்பியதில்லை. தனி ஈழத்துக்காகவே துப்பாக்கி எடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான். ஜெயவர்த்தனேவை அழுத்திப் பேச்சுக்குக் கொண்டுவரும் கருவி இது என்பதுதான் டெல்லியின் கணக்கு. கருவிக்கென்று சொந்தமாக ஒரு மனமும் லட்சியமும் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இங்கே எம்.ஜி.ஆர். அரசு தன் பங்குக்குப் புலிகளுக்குத் தனியாக உதவியது. ‘ரா’வுக்கு வேண்டியவர்களாகக் கருதப்பட்ட டெலோவினரை 1986-ல் புலிகளே வேட்டையாடி, அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் கொன்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், பெங்களூர் சார்க் மாநாட்டுக்குச் சற்று முன்னால், தமிழ்நாடு போலீஸ் போராளி இயக்கங்களின் இருப்பிடங்களில் புகுந்து ஆயுதங்களையும் தகவல் தொடர்புக் கருவிகளையும் பறிமுதல் செய்தது. கருவிகளைத் திருப்பித் தரச் சொல்லிப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நாட்டின் மத்திய அரசு, மாநில அரசு, உளவு அமைப்பு, வெளியுறவுத் துறை நான்கும் நான்கு கொள்கைகளை நடத்திக்கொண்டிருந்ததை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. இதற்கிடையே 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பில் வெடிப்பதற்காக ஒரு சிறிய ஈழ ஆயுதக் குழு அனுப்ப முயன்ற பெட்டிகள் அவை. விமானத்தில் ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டதால், 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1987 ஜூலையில் ராஜீவ்–ஜெயவர்த்தனே ஒப்பந்தம். அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர். அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் இறங்கிப் புலித் தலைமையைப் பிடிப்பது திட்டம். இந்திய வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்ட புலிகள் மைதானத்தைச் சுற்றிக் காத்திருந்தார்கள். இறங்கிய 13-வது சீக்கிய லகு காலாட்படையைச் சேர்ந்த 30 வீரர்களில் 29 பேர் விடிவதற்குள்ளும் விடிந்த பிறகும் செத்தார்கள். ஒருவர் உயிரோடு பிடிபட்டார். நாலாண்டு காலம் இந்திய மண்ணில் நம் ஆட்களோடு பழகிய ஓர் இயக்கத்தைப் பற்றி இந்திய ராணுவத்துக்கு உருப்படியான தகவல் இல்லை என்று அமைதிப்படைத் தளபதிகள் பின்னாளில் எழுதிய நூல்களில் கசப்போடு பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றாண்டுகளில் 1,100-க்கும் அதிகமான இந்திய வீரர்கள் மடிந்தார்கள். அமைதிப்படையின் கையில் சிக்கிய யாழ்ப்பாணத்துச் சனங்களின் சாவுக்குச் சரியான கணக்கே இல்லை. 1990 ஜூனில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கோடம்பாக்கத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர்.

ஒரு நாடாளுமன்றக் குழு இருந்திருந்தால் இத்தனையும் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய எம்.பி.க்களில் பலர் ஆயுதம் கொடுப்பதைக் கைதட்டி வரவேற்றிருப்பார்கள், தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இன்னும் கொடுங்கள் என்றுகூடக் கேட்டிருப்பார்கள். ஆனால், ‘இதன் இறுதி நோக்கம் என்ன, எப்போது நிறுத்துவீர்கள்?’ என்று கேட்கும் கடமை உள்ள ஒருவராவது அந்த அறைக்குள் இருந்திருப்பார். அப்படி ஒருவர் இல்லாததால் கேள்வி, காலம் கடந்து, ராஜீவ் கொலைக்குப் பிறகு, அதை விசாரித்த ஜெயின் கமிஷனில் எழுந்தது. பயிற்சி முகாம்களைப் பற்றி அரசுத் தரப்பு ஆவணங்களின் அடிப்படையில் பேசிய அதன் இடைக்கால அறிக்கை 1997-ல் வெளியானதும் என்ன நடந்தது? தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்ன காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. உளவு அமைப்பின் முடிவெடுக்கும் முறையைச் சீர்செய்ய வேண்டும் என்று அந்த அமளியில் யாரும் பேசவில்லை. நிதானமான நாளில் கேட்பதற்கு ஒரு வழி இல்லாதபோது, கேள்விகள் ஆட்சி கவிழ்ப்பாகத்தான் வெடிக்கும்.

மேற்பார்வைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் முதன்மையானது, எம்.பி.க்களிடம் சொன்னால் ரகசியம் கசியும் என்பது. கசிந்த வரலாற்றைப் பார்ப்போம். 1987-ல், இலங்கை விவகாரம் உச்சத்தில் இருந்தபோது, ‘ரா’வின் சென்னை அலுவலகப் பொறுப்பில் இருந்த அதிகாரியே அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்ததாகக் கைது செய்யப்பட்டார். 2004-ல் இணைச் செயலாளர் அந்தஸ்தில் இருந்த ரபீந்தர் சிங், சந்தேகத்தின் பேரில் கண்காணிப்பில் இருந்தபோதே நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். இரண்டிலும் எம்.பி. யாரும் கிடையாது. மூன்றாவது உதாரணம் இன்னும் சுவையானது. 1999 கார்கில் போரின்போது பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸும் தொலைபேசியில் பேசியதை ‘ரா’ பதிவுசெய்தது. ஊடுருவியவர்கள் முஜாஹிதீன்கள், தனக்குத் தொடர்பில்லை என்ற பாகிஸ்தானின் கதையை ஒரே அடியில் உடைத்த சாட்சி அது. ‘ரா’ வரலாற்றின் ஆகப் பெரிய தொழில்நுட்ப வெற்றி என்றும் சொல்லலாம். ஜூன் 11 அன்று, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் டெல்லி வருவதற்கு முந்தைய நாள், அந்த உரையாடலை உலகறிய வெளியிட்டது வாஜ்பாய் அரசு. ராஜதந்திர ஆதாயம் கிடைத்தது உண்மை. எந்த வழியாக இந்தியா கேட்கிறது என்று எதிரி தெரிந்துகொண்டதும் உண்மை. அந்த வெளியீட்டை உளவுத்துறையின் மூத்தவர்கள் பலர் பின்னர் குறைகூறினார்கள். ஆக, ரகசியத்தை உள்ளிருந்து விற்றவர்கள் உண்டு, மேலிருந்து வெளியிட்டவர்கள் உண்டு. மேற்பார்வைக் குழு கசியவிடும் என்பது மட்டும் இதுவரை நடக்காத, நடக்க வாய்ப்பே தரப்படாத ஒரு குற்றத்துக்கான தண்டனை.

கார்கிலைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு விதிவிலக்கு. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த கார்கில் ஆய்வுக் குழு, அரசின் ஆவணங்களைப் புரட்டி, ‘ரா’வின் குறைபாடுகளையும் பல அமைப்புகள் தகவலை ஒருங்கிணைக்காத லட்சணத்தையும் எழுதி, அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன, பரவாயில்லை. அதிலிருந்து அமைச்சர்கள் குழு பிறந்தது. ராணுவத்துக்கென்று தனி உளவு முகமை, தொழில்நுட்ப உளவுக்கென்று என்.டி.ஆர்.ஓ. என்று அமைப்பு மாற்றங்கள் வந்தன. வெளியார் பார்வை பட்டபோது உளவுத்துறை பலவீனமடையவில்லை, வலுப்பெற்றது என்பதற்கு இந்தியாவிலேயே உள்ள சான்று இது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அப்படியொரு தேசிய விசாரணை வைக்கப்படவே இல்லை. மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு மாநிலப் போலீஸைத்தான் ஆராய முடிந்தது. மத்திய உளவு அமைப்புகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டன. கடல் வழியே ஆபத்து வரும் என்ற எச்சரிக்கைகள் எங்கே தேங்கின என்பதற்கு அதிகாரபூர்வமான முழு விடை இந்த நாட்டு மக்களுக்குக் கிடைக்கவில்லை.

உளவுக்கு எந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, வேவு பார்ப்பதே பிற நாட்டுச் சட்டத்தை மீறுவதுதானே, அதை எப்படி எழுத்தில் ஒப்புக்கொள்வது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. 1947-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. 1909-லிருந்து இயங்கிவந்த பிரிட்டனின் எம்.ஐ.6, 1992 வரை அதிகாரபூர்வமாக இல்லவே இல்லை. 1994-ல் அதற்குச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் செய்யும், வேறு வகையில் குற்றமாகக் கூடிய செயல்களுக்கு அமைச்சர் கையெழுத்திட்டு அனுமதி தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. ஜெர்மனியில் நாடாளுமன்றக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறது. எதிர்வாதத்துக்கு வலு சேர்க்கும் உதாரணம் இஸ்ரேல். மொஸாடுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால், அங்கும் நாடாளுமன்றமான நெஸட்டின் துணைக்குழு மூடிய கதவுக்குப் பின்னால் அதனிடம் கேள்வி கேட்கிறது. இரண்டுமே இல்லாத துணைக்கு நமக்கு அருகில் கிடைப்பது பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ. அந்த வரிசையில் நிற்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. உள்ளூரிலேயே அணுசக்தியைப் பாருங்கள். 1948-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. அதனால் பொக்ரான் ரகசியம் கெட்டுப்போகவில்லை. 1998-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள்களுக்கே தெரியாமல் சோதனை நடந்தது.

மேற்பார்வை வைத்தும் சி.ஐ.ஏ. சித்திரவதை முகாம்கள் நடத்தவில்லையா என்பது இதைவிடக் கனமான கேள்வி. நடத்தியது. செனட் குழு விசாரித்தபோது, அதன் ஊழியர்கள் பயன்படுத்திய கணினிகளுக்குள்ளேயே சி.ஐ.ஏ. நுழைந்து பார்த்து, பிறகு அதன் இயக்குநர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பிரிட்டனிலும், ரஷ்யத் தலையீடு பற்றிய குழு அறிக்கையை போரிஸ் ஜான்சன் அரசு 2019 தேர்தல் முடியும்வரை வெளியிடாமல் வைத்திருந்தது. மேற்பார்வை என்பது மந்திரக்கோல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2014 டிசம்பரில் அந்தச் சித்திரவதைகளை 500-க்கும் மேற்பட்ட பக்கங்களில் அமெரிக்க செனட்டே அச்சிட்டு வெளியிட்டது. தவறு நடந்தது என்று நாம் இன்று அடித்துப் பேச முடிவதே அந்தப் பக்கங்களால்தான். ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லும் ஒற்றாடல் அதிகாரம் நம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வள்ளுவர் அந்த வேலையை அரசனுக்குக் கொடுத்தார். குடியரசில் அது யாருடைய வேலை என்பதைத்தான் நாம் இன்னும் முடிவுசெய்யவில்லை.

குடிமக்கள் பக்கத்துக்கு இப்போது வரலாம். வெளிநாட்டு உளவுக்கான அமைப்புக்கு உள்நாட்டில் சட்டக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டால், 2018 டிசம்பர் 20-ன் உள்துறை ஆணை பதில் சொல்லும். கணினிகளில் உள்ள தகவலை இடைமறிக்க அதிகாரம் பெற்ற 10 அமைப்புகளின் பட்டியலில் கேபினெட் செயலகம், அதாவது ‘ரா’வும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. இடைமறிக்கும் செயலுக்குச் சட்டம் இருக்கிறது. இடைமறிக்கும் அமைப்புக்கு இல்லை. உளவு அமைப்புகளை நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்படுத்தக் கோரிய பொதுநல மனுவை 2016-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதால் அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளாவது ஒரு ஜன்னலாக இருந்தன. சென்னையில் ஓய்வுக் காலத்தைக் கழித்த பி. ராமன் 2007-ல் எழுதிய ‘ரா’ நினைவு நூல் இல்லாமல் இந்த அமைப்பின் கதையை இன்று யாராலும் எழுத முடியாது. அதே ஆண்டு, ‘ரா’வில் பணியாற்றிய ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர் கொள்முதல் முறைகேடுகளைப் பற்றி எழுதியதற்கு அவர் வீட்டில் சி.பி.ஐ. சோதனை நடத்தி, அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டது. 2021-ல் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, அமைப்பின் தலைவர் அனுமதியில்லாமல் எழுதக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். மீறினால் பென்ஷனுக்கு ஆபத்து.

அண்மைக் கால நிகழ்வுகள் இந்த வாதத்தை டெல்லியின் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டன. 2023 செப்டம்பரில் கனடா பிரதமர் ட்ரூடோ, சீக்கியப் பிரிவினைவாதத் தலைவர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலையில் இந்திய அரசுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று தன் நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தியா அபத்தம் என்று மறுத்தது. நியூயார்க்கில் நடந்த ஒரு கொலைச் சதி வழக்கில், கேபினெட் செயலகத்தில் பணியாற்றியதாகக் கூறப்படும் முன்னாள் அதிகாரி ஒருவர் மீது 2024 அக்டோபரில் அமெரிக்கா குற்றம்சாட்டியது. இவை குற்றச்சாட்டுகள், மெய் பொய்யை நீதிமன்றம் சொல்லட்டும். இங்கே கவனிக்க வேண்டியது இந்தியாவின் பதிலில் இருந்த தடுமாற்றம். ‘இது அரசின் கொள்கை இல்லை’ என்றது வெளியுறவுத் துறை. உயர்நிலைக் குழு ஒன்று விசாரித்து, ஒரு தனிநபர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்ததாக 2025 ஜனவரியில் உள்துறை ஓர் அறிக்கை விட்டது; அந்த அறிக்கையில் அவர் பெயர் இல்லை. கொள்கை இல்லை என்றால், எது கொள்கை, எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். காட்டுவதற்கு ஒரு சட்டம் இருந்தால், அந்த அதிகாரி அதை மீறினார் என்று நிறுவலாம். அல்லது அவர் மீது பழி சுமத்தப்படுகிறது என்று அவரைக் காக்கலாம். இல்லாத சட்டத்தை வைத்து இரண்டையும் செய்ய முடியாது. களத்தில் இருக்கும் அதிகாரிக்கு இது கொடுமையான நிலை. உத்தரவு வாய்மொழியாக வரும். சிக்கிக்கொண்டால் அவர் தனிநபர் ஆகிவிடுவார்.

நம் எம்.பி.க்களை நம்பி இதை ஒப்படைப்பதா என்ற ஏளனத்தில் பாதி உண்மை இருக்கிறது. நிலைக்குழுக் கூட்டங்களுக்கு வராதவர்கள், வந்தால் கட்சிக்காகவே பேசுகிறவர்கள் எல்லாரும் நம் அவைகளில் இருக்கிறார்கள். அதனால்தான் 50 பேர் கொண்ட குழுவை யாரும் கேட்கவில்லை. இரு அவைகளிலிருந்தும் சிலர், ரகசியக் காப்புப் பிரமாணம், மூடிய அறை, பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒப்புக்கொண்ட பெயர்கள். இது புரட்சிக்காரர்களின் கோரிக்கையும் அல்ல. 2010-ல் காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே, உளவுத்துறையின் மூத்தவர்கள் முன்னால் நின்று, நாடாளுமன்ற மேற்பார்வை வேண்டும் என்று பேசியவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி. அடுத்த ஆண்டு ஆளுங்கட்சி எம்.பி. மனீஷ் திவாரி உளவு அமைப்புகளுக்கான தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். 2012-ல் அவரே மத்திய அமைச்சரானார். அமைச்சருக்குத் தனிநபர் மசோதா கிடையாது. அமைச்சரவைக்கும் அந்த மசோதாவில் ஆர்வம் இருக்கவில்லை.

அப்படி ஒரு சட்டம் வரும் நாளில் அதில் ஒரு பிரிவு மட்டுமே இருக்கலாம் என்று என்னிடம் சொன்னால், குழுவைக்கூட விட்டுவிட்டு, கையெழுத்தைக் கேட்பேன். அயல்நாட்டில் ஆயுதம் கொடுக்கும், ஆட்களைப் பயிற்றுவிக்கும், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் எந்த நடவடிக்கைக்கும் அதன் நோக்கத்தையும் முடியும் காலத்தையும் எழுதி, பிரதமர் கையொப்பமிட வேண்டும். அந்தக் காகிதம் 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1983-ல் அப்படியொரு விதி இருந்திருந்தால், தனி ஈழம் கேட்பவர்களுக்குத் தனி ஈழம் வராமல் தடுப்பதற்காகப் பயிற்சி தருகிறோம் என்று யாரோ ஒருவர் தன் கைப்பட எழுத வேண்டியிருந்திருக்கும். எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.